வலது கால் கணக்கு

அன்பு மகள் மணிமேகலைக்கு,

பாகலூரிலிருந்து அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஐந்து நாளாக மழை. பக்கத்து வீட்டு நாராயணம்மா காலையில் ராகிக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறாள். அம்மா இரண்டு ஸ்பூனுக்கு மேல் குடிப்பதில்லை.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

ஏழாம் வகுப்பில் உங்களையெல்லாம் பேரிகை ரோட்டில் நடக்கவைத்து மைல் பாடம் நடத்தினேனே, நினைவிருக்கும். ரோமானியப் படைவீரன் வலது கால் ஊன்றும்போது மட்டும்தான் எண்ணுவான். இடதும் வலதும் சேர்ந்தால் ஒன்று. அப்படி ஆயிரம் ஆனால் ஒரு மைல். முப்பது வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் அதுவே எண்ணும் பழக்கமாகிவிட்டது.

அம்மாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, பிசியோதெரபி பார்க்க வரும் தினேஷ்குமார், "தினம் நூறு ஸ்டெப் போதும் சார், அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம்" என்றான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். வலது காலை மட்டும்.

அவள் சொல்லாமல் இல்லை. "என் இடது காலு என்ன காண்ட்ராக்ட் லேபரா வாத்தியாரே? வேலை வாங்கறீங்க, கணக்குல சேர்க்க மாட்டேங்கறீங்க" என்றாள். நான் சிரித்தேன். ஒன்பதாம் நாள், நான் எண்பத்து மூன்று சொல்லும்போது விழுந்தாள்.

எப்படி எண்ணினீர்கள் என்று தினேஷ்குமார் பிறகு கேட்டான். நடந்து காட்டினேன். நாலு அடி வைப்பதற்குள் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டு நாளும் அவளை இருநூறு நடக்கவைத்திருக்கிறேன்.

இடுப்பு எலும்பு முறிந்ததும், இதயம் தாங்காது என்று ஆபரேஷனை விட்டதும் உனக்குத் தெரியும். நேற்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார்.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "தண்ணி சிந்தியிருந்துச்சு, வழுக்கிடுச்சு" என்கிறாள். அன்று தரையைத் துடைத்தவன் நான். காய்ந்துதான் இருந்தது. அவளுக்கும் தெரியும்.

கிடைக்கிற விமானத்தில் வாம்மா. உன்னிடமும் தண்ணீர் என்றுதான் சொல்வாள். நம்பியதுபோல் கேட்டுக்கொள். அவள் இருக்கும்வரை அது தண்ணீராகவே இருக்கட்டும். என்னை அதற்குப் பிறகு கேள்.

நீ நூறு வயது நடமாடி இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கோவிந்தன்