ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

நேற்று அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இன்று காலை அடுப்படி ஜன்னலைத் திறந்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடும்போது, மக்கிய இலையும் சேறுமாக ஒன்று வருமே, அதுதான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாற்றுப் பாவ ஆள் கூப்பிட அவர் விடியும்போதே கிளம்பிப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இல்லாமல் வரும் முதல் புதுத்தண்ணீர் இது. உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்ச். பிறகு நீ உத்தமபாளையத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் ஆனாய். நான் கல்யாணமாகி ஊருக்கு வெளியே இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். நம் வகுப்பிலேயே நீச்சல் தெரிந்த ஒரே பெண் நீதான். உன் அத்தா தன் மகன்களோடு மகள் உன்னையும் ஆற்றில் இறக்கிப் பழக்கியிருந்தார். எங்களுக்கெல்லாம் அது சர்க்கஸ் வித்தை மாதிரி. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு நீச்சல் என்றுதான் எங்கள் வீடுகளில் கேட்பார்கள்.

ஒரு நாள் வேலை உடுப்போடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். ஆற்றில் துணி துவைக்கப் போன ஒரு தாயையும் அவள் பிள்ளையையும் அன்று உங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு பேருமே போயிருந்தார்கள்.

“வழுக்கி விழுந்த பிள்ளையப் பிடிக்கப் போயி ஆத்தாக்காரியும் போயிட்டா. அவளுக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா ரெண்டு உசுரும் இருந்திருக்கும்,” என்றாய். நான் கொடுத்த காப்பியைக் குடிக்கவே இல்லை. “ஒங்க கெணத்த ஞாயித்துக்கெழம காலையில மட்டும் எனக்குக் குடு. பொம்பளப் பிள்ளைகளுக்கும் அதுக ஆத்தாமாருக்கும் சொல்லிக் குடுக்கேன். யாருகிட்டயும் ஒண்ணும் வாங்கப் போறதில்ல.”

என் வீட்டுக்காரர் தயங்கினார். “யாராச்சும் விழுந்துட்டா நாந்தானம்மா பதில் சொல்லணும்?”

“விழுந்தா எப்பிடி மேல வாரதுன்னுதாண்ணே சொல்லிக் குடுக்கப் போறேன்,” என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு ஆறு பிள்ளைகள் வந்தார்கள். மூன்று மாதத்தில் முப்பதுக்கு மேல். பழைய சுடிதாரோடும் நைட்டியோடும் அம்மாக்களும் இறங்கினார்கள். டயர் கடையில் நீ கேட்டு வாங்கிய லாரி டியூப்புகள் நாலு, எங்கள் தோட்டத்து வாழைமரத் துண்டுகள், ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு கயிறு. கிணற்றுக்குள் உன் சத்தம்தான் எதிரொலிக்கும். “ஏ புள்ள, தண்ணிய அடிக்காத. அதோட சண்டை போட்டா அது ஜெயிச்சுப்புடும்.” குளித்து ஏறியதும் மோட்டார் ரூம் நிழலில் எல்லோருக்கும் அவித்த கப்பைக்கிழங்கு. பிள்ளைகளும் தாய்மார்களும் ஈரத் தலையோடு வரிசையாக உட்கார்ந்து தின்பார்கள். வாரம் முழுவதும் வயலிலும் அடுப்பிலும் கிடந்த பெண்கள் அங்கே சத்தமாகச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே நானும் சிரித்திருக்கிறேன். நாற்பத்தொரு வயதில் என்னையும் விடாமல் பிடித்து இறக்கினாய். நீந்த வரவில்லை, மிதக்க மட்டும் வந்தது. மல்லாந்து கிடந்து, கிணற்றுச் சுவருக்கு மேலே தெரிந்த வானத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு லேசாக என் உடம்பு அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்து வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு உனக்கு எழுதுவதில் அர்த்தமில்லை.

ஒரு பிள்ளை படியில் வழுக்கி மோவாயைக் கிழித்துக்கொண்டது. நாலு தையல். நீயே கூட்டிப்போய்ப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு வந்தாய். ஆனால் இரண்டு நாளில் கதை வேறாகிவிட்டது. பிள்ளை கிணற்றுக்குள் விழுந்து சாகக் கிடந்தது என்று போன் போனாகப் பரவியது. என் கொழுந்தன்மார் வந்து சத்தம் போட்டார்கள். “கேஸுன்னு வந்தா தோட்டம் யாரு பேருல இருக்கோ அவுகளத்தான் தேடுவாக. இந்த ஊர்ச்சேவை நமக்கெதுக்கு?” அவர் பயந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, நானும்தான் பயந்தேன். கிணற்றுக் கம்பிக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்து பூட்டியது நான். உன்னிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பியதும் நான்தான். அதை நீ கேட்கவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்துவிட்டாய், கூடவே பதினொரு பிள்ளைகள்.

நான் மோட்டார் ரூமுக்குள் இருந்தேன். பூட்டை நீ இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது கேட்டது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நான் வெளியே வரவில்லை.

“அத்தை, கெணறு லீவா?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

நீ விட்ட பூட்டு கம்பியில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆமாத்தா, கெணத்துக்கு ஒடம்பு சரியில்ல. வாங்க போகலாம்,” என்றாய்.

அத்தனை பிள்ளைகள் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் திரும்பிப் போனாய். அன்று நீ திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேறு கிணறு கேட்டு நீ அலைந்ததெல்லாம் பிறகு தெரிந்தது. தையல் கதை எல்லா வீட்டுக்கும் உனக்கு முன்னாலேயே போயிருந்தது. யாரும் கொடுக்கவில்லை. நாம் பேசிக்கொள்ளாமலே நாலு மாதம் ஓடியது. பிறகு போன வருடத்துப் புதுத்தண்ணீர் வந்தது. ஆற்றைப் பார்க்கப் போன பிள்ளைகளில் தர்ஷினி திரும்பி வரவில்லை. ஒன்பது வயது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. பூட்டுவதற்கு முன் மூன்று ஞாயிறுதான் வந்திருந்தாள்.

இழவு வீட்டில் அவள் தாய்க்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாய். வெளியே வந்தபின் தெருவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பூட்டாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன். எல்லாரும் சொல்வதுபோல விதி என்று சொல்வாய் என எதிர்பார்த்தேனோ என்னவோ.

“எனக்குப் பொய் சொல்ல வராதுடி,” என்றாய். “இன்னும் மூணு வாரம் வந்திருந்தா அவ மெதந்திருப்பா. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

அப்போதுதான் உன் முகம் வீங்கியிருப்பதைக் கவனித்தேன். சிறுநீரகம் கெட்டுப்போய் தேனிக்கு வாரம் இரண்டு தரம் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படியாகவா நான் இருந்தேன்?

மறுநாளே வீட்டில் சண்டை போட்டு அவரிடமிருந்த சாவியை வாங்கி, உன் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நீ வாங்கவில்லை. ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த கையைக் காட்டினாய். “இதோட நான் தண்ணிக்குள்ள எறங்க முடியாது. நீ எறங்கு.”

“எனக்கு மெதக்க மட்டுந்தானடி தெரியும்.”

“அது போதும். அதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமப் போச்சு.”

ஐந்து ஞாயிறு நீ பிளாஸ்டிக் நாற்காலியில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாய். முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு உன் மகள் இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். கீழே நான் இறங்க, மேலிருந்து நீ சொல்லிக்கொண்டிருந்தாய். சத்தம் முன்னைப்போல எட்டவில்லை. நீ சொன்னதை மகள் படியில் நின்று எனக்குத் திருப்பிச் சொன்னாள். ஆறாவது ஞாயிற்றுக்கு நீ இல்லை.

உன் வீட்டு முற்றத்தில் மற்றப் பெண்களோடு நின்றிருந்தேன். உள்ளே உன்னைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததும் உன் மகள் வந்து, “அத்தை, அம்மா முகத்தப் பாத்துட்டுப் போங்க,” என்று கூப்பிட்டாள். பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். வாயில் வரவில்லை. உயிரோடு இருக்கும்போதும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தால் கேட்டதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆகாது, இல்லையா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு பேர் வருகிறார்கள். முப்பது இல்லை. என் கொழுந்தன்மார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் நீந்தக் கற்றுக்கொண்டேன், ஓரளவுக்கு.

போன வாரம் தர்ஷினியின் தாய் வந்தாள். சின்னவளைக் கூட்டி வந்திருந்தாள், ஆறு வயது. கிணற்றைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “பாத்துக்கங்கக்கா,” என்று மட்டும் சொன்னாள். நான் பூட்டியது அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்து விட்டாள்.

பிள்ளையைத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே என் கையைக் கொடுத்திருந்தேன். அவள் பயப்படவில்லை. உடம்பைத் தளர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மிதக்கிறாள் என்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. பாரமே இல்லை.

“அத்தை, கைய எடுங்க. நானா இருக்கேன்,” என்றாள்.

எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீயாக இருந்தால் அந்நேரம் எடுத்திருப்பாய். என்னால் முடியவில்லை. “இன்னுங் கொஞ்ச நேரம்த்தா, இன்னுங் கொஞ்ச நேரம்,” என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.