சின்னவன் தனியாக இருந்த நான்கு வருஷம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நலமில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்றும் தெரியவில்லை. உன் தம்பி போன அன்று போனில் நான் சொன்ன பேச்சுக்குப் பிறகு நாற்பது நாளாக நீ எடுப்பதில்லை. அம்மா போனை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள், நான் கடையில் வெள்ளை பெயிண்ட் கேட்டவருக்குக் கறுப்பை எடுத்துக் கொடுக்கிறேன். கண் தெரியாதவனைத் தனியாகக் குடிவைத்து நீதான் கொன்றாய் என்றேன். அது பொய். காய்ச்சல் கண்டதும் அவனே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னான். நுரையீரல் தொற்று, வீட்டில் இருந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அது தெரிந்தும் உன்னிடம் அப்படிச் சொன்னேன். யார் மேலாவது போட்டுவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

பார்வை போன பிறகு மூன்று வருஷம் நம் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தானே, அதை ஓய்வு என்று நினைத்தவன் நான். நீ லீவு போட்டு வந்து பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை பிடித்து, சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, உப்புக்கு இரண்டு என்று மாட்டிப் பழக்கியபோது, அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று கட்டடத்தையே கொளுத்தப்போகிறான் என்று குதித்தேன். அதன் பிறகு உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். தினமும் காலையில் அவன் மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பேன், விழுந்தால் தூக்க. பத்தாம் நாள் உள்ளேயிருந்து, "அப்பா, பெயிண்ட் விக்கிறவர் வேவு பார்க்க வந்தா, தின்னர் வாசனை முன்னாடியே வந்துடாதா? உள்ள வாங்க, டீ ஆறுது" என்கிறான். முதல் நாளே தெரியுமாம், பாவம் மனுஷன் நிற்கட்டும் என்று விட்டானாம். டீ ஒரே உப்பு, தவறிப் போட்டுவிட்டான் பாவம் என்று காட்டிக்கொள்ளாமல் குடித்து முடித்தேன், கைகொட்டிச் சிரிக்கிறான் படுபாவி. டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனான். ஒருநாள் விழுந்து முட்டித் தோல் பெயர்ந்து வந்தான், வீட்டுக்கு வந்துவிடடா என்றேன், "விழுந்தவன்லாம் அப்பா வீட்டுக்குப் போனா ரோட்ல யாருப்பா நடப்பா?" என்றான். அந்த நான்கு வருஷமும் நீ கொடுத்ததம்மா. என் பேச்சைக் கேட்டிருந்தால் அவன் வாழாமலே போயிருப்பான்.

ஒரு பிள்ளையை நோய் கொண்டுபோனது, இன்னொன்றை என் வாய் கொண்டுபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விசாரிக்க உன் பக்கத்து வீட்டு நம்பர்கூட என்னிடம் இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா கூப்பிடுவாள், மறந்துவிடாதே, நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், கடைக்குப் போய்விடுவேன். எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாலும் போதும், நீ இருக்கிறாய் என்று அவள் வந்து எனக்குச் சொல்வாள். நன்றாயிரு, நீண்ட நாள் இரு, எங்களுக்குப் பின்னாலும் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா