தனக்கோடி மாமா ஊதிய மூச்சு

ஆரணி

என் கண்ணு லிடியாவுக்கு, அம்மா ஆசை முத்தங்களோடு எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த ஃபின்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

தனக்கோடி மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று அப்பா உனக்குச் சொன்னது பொய்யடி. சாயப் பட்டறையில், கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு இழுத்துக்கொண்டது, ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்ட மனுஷன். காரியத்தன்று ஆதிலட்சுமி அத்தை அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு மிஷின்ல ஊதச் சொல்லி மூச்சு நல்லாகீதுன்னுதானே சொல்லிச்சு, அப்பறம் எப்பிடிக்கா எங்க ஊட்டுக்காரு மூச்சு முட்டி செத்தாரு என்று கேட்டாள். புகை வெளியே போக ஒரு ஃபேன் போடுங்க என்று போன மாதம்தான் மாமா கேட்டாராம், டாக்டரம்மாவே எல்லாருக்கும் நல்லாகீதுன்னு எழுதிட்டாங்க, ஃபேன் என்னாத்துக்கு என்றாராம் முதலாளி.

அப்புறம் ஆதிலட்சுமியே அழுதுகொண்டு நடந்ததைச் சொன்னாள். போன வருஷம் நீ பட்டறைக்காரர்களுக்கு மூச்சு டெஸ்ட் எடுக்க வருவதற்கு முன்னாலேயே உங்கப்பா பட்டறை பட்டறையாகப் போய், நம்ம பொண்ணு எடுக்கற டெஸ்ட்டு, ஒருத்தரும் ஃபெயிலாயி அவ மானத்த வாங்கிடாதீங்கப்பா என்று சொல்லியிருக்கிறார். பரீட்சை என்றே நினைத்துவிட்டார்கள், பாவிகள்! அந்த வாரம் ஒருத்தரும் தொட்டிப் பக்கம் போகாமல், தூதுவளை ரசமும் மிளகுப் பாலுமாகக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவது போலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். நேற்று வேலைக்குப் போனீர்களா, மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று நீ ஒவ்வொருவரையும் கேட்டாய், எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி பொய் சொன்னார்கள். தனக்கோடி மாமா வெளியே மரத்தடியில் இரைப்புக்கு இழுக்கிற மருந்து பஃப்பை இழுத்துவிட்டுத்தான் உள்ளே வந்து ஊதினாராம். அவர் ஊதின ஊத்துக்கு நீகூடக் கை தட்டினாயே. வீட்டுக்குப் போய், லிடியா கைதட்டிச்சுடி, ஃபர்ஸ்ட் கிளாஸு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

அடுத்த மாதம் அங்கே பெரிய மீட்டிங்கில் ஆரணிக்காரர்கள் மூச்சு நன்றாக இருக்கிறது என்று பேசப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னாயே, அதைப் பேசாதே கண்ணு. உன் பாடெல்லாம் வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது, உன் பெரிய டாக்டர்கள் முன்னால் தலை குனிய வேண்டி வருமோ என்றும் பயமாக இருக்கிறது. இருந்தாலும் நான் எழுதினது தப்பு என்று நீயே எழுந்து சொல்லிவிடு. நீ சொன்னால்தான் மிச்சமிருக்கிறவர்களுக்காவது ஃபேன் வரும்.

அப்பாவை ஒரு வார்த்தை திட்டிவிடாதே. உனக்குப் பெருமை சேர்க்கிறோம் என்றுதான் செய்தார். இப்போது தட்டில் வைத்த சோறு பாதி அப்படியே கிடக்கிறது, மாமா வீட்டுத் தெரு வழியே போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்.

நேரத்துக்குத் தூங்கு, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். அடுத்த முறை வரும்போது யாருக்கும் சொல்லாமல் வா, மிஷினோடு நேராகப் பட்டறைக்கே போ. முதலில் உங்கப்பாவை ஊத வை. அவரும் அந்த வாரம் தன் தொட்டி வேலையை விட்டுவிட்டு, படவேட்டில் உன் அத்தை வீட்டில் இருந்துவிட்டு வந்துதான் ஊதினார். போனில் பேச்சு நடுவில் சட்டென்று என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகிறாரே, சிக்னல் கிடைக்கவில்லை என்று நான்தான் உனக்குச் சொல்கிறேன். இருமப் போகிறாரடி.

உன் அம்மா,
அந்தோணியம்மாள்