செவ்வாய்க்கிழமைத் தபால்

ஏரல்,
14-8-1974

தம்பி காசிலிங்கத்துக்கு மதினி தங்கத்தாய் எழுதுவது. இங்கே யாரும் சுகமாக இல்லை, அதனால் உன் சுகத்தையும் விசாரிக்கவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படி.

உன் அண்ணனை எரித்த மறுநாளே, ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் பதினாறாம் நாளுக்குள் வந்து ராஜதுரையை வெட்டுகிறேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு மெட்ராஸ் போனாய். பனங்காட்டு வரப்புத் தகராறில் அவன் நம் வீட்டில் ஒரு தலையை எடுத்தான். நீ அவன் தலையை எடுப்பாய். பிறகு அவன் தம்பி உன் தலைக்கு வருவான். பெரியப்பா மட்டும் கறிச்சோறு தின்றுகொண்டு நூறு வயது இருப்பார்.

அண்ணன் ஏன் செவ்வாய்தோறும் தூத்துக்குடி போனார் என்று உனக்குத் தெரியுமா? ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கேட்டு நீ பதினேழு பேராசிரியர்களுக்கு எழுதினாயே, அதிலெல்லாம் நாம் பனந்தும்பு போடும் தூத்துக்குடி ஏற்றுமதிக் கிட்டங்கியின் விலாசத்தைக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். தும்பு அங்கிருந்துதான் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுகிறது, அந்த விலாசத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரன் மதிப்பான் என்று நம்பினார். ஹாஸ்டல் விலாசமே போதுமே என்று நான் சொன்னதற்கு, ஒனக்கென்னளா தெரியும் என்று சிரித்தார். வாரம் தவறாமல் தபால் கேட்கப் போனார். எந்த பஸ்ஸில் திரும்புவார் என்று ராஜதுரையும் தெரிந்துகொண்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிடரியில் முதல் வெட்டு. தடுத்த கையில் இரண்டு விரல் படியிலேயே விழுந்தது. மொத்தம் பதினோரு வெட்டு. யாரும் எண்ணவில்லை, நான் எண்ணினேன்.

போலீசுக்குத் தெரியாமல் அண்ணன் உடம்பிலிருந்து உருவிய சட்டையைப் பெரியப்பா உத்திரத்தில் தொங்கவிட்டதை நீயே பார்த்தாய். பழி தீர்த்தவன்தான் அதைத் துவைக்க வேண்டுமாம். நீ போன பிறகு அதன் பையில் கையை விட்டேன். ஜெர்மன் தபால்தலையோடு ஒரு கடிதம். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உன்னை வைத்துப் பிரிக்க நினைத்திருப்பார், பாவி மனுஷன்.

பக்கத்துத் தெரு பிளாரன்ஸ் டீச்சர் வாசித்துச் சொன்னார். உப்புத் தண்ணீர் இரும்பை அரிப்பதைப் பற்றி நீ எழுதியது அந்தப் பேராசிரியருக்குப் பிடித்திருக்கிறது. அக்டோபரிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்தில் இடம், மாதச் சம்பளமும் உண்டு. இந்த மாதக் கடைசிக்குள் பதில் இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். சம்மதம் என்று டீச்சர் டைப் அடித்தார், உன் கையெழுத்தை நான் போட்டேன். நேற்று அனுப்பியாகிவிட்டது. தப்புதான்.

தபாலாபீசிலிருந்து வந்த கையோடு சட்டையை இறக்கித் துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை. பெரியப்பா பார்த்துவிட்டார். ஏளா, என் மவன் ரத்தத்தச் சாக்கடையில விட்டுட்டியே என்று மயிரைப் பிடித்து இழுத்துச் செவிட்டில் அறைந்தார். இடது காது இன்னும் கேட்கவில்லை. உனக்கென்று தீட்டி வைத்திருந்த அரிவாளை எடுத்து நீட்டி, ஒமக்கு அவ்வளவு ரோசம்னா நீரே போயி வெட்டும் என்றேன். வாங்காமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு வெறி இல்லை என்று நினைக்காதே. ராஜதுரை செத்தால் பொங்கிச் சாப்பிடுவேன். ஆனால் அதற்கு உன்னைக் கொடுக்க மாட்டேன். ஒளிந்திருப்பவனை போலீஸ் தேடுகிறது. பிடிபட்டால் கோர்ட்டுக்கு நான் அலைகிறேன்.

நீ பாஸ்போர்ட் வேலையைப் பார். பதினாறாம் நாளுக்கு வராதே. வந்தால் வாசலில் நானே போலீசைக் கூட்டி வைத்திருப்பேன்.

ஊரே மாரடித்தபோது நான் அழவில்லை, கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஜெர்மனி போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போடு தம்பி. அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் உன் அண்ணனுக்காக உட்கார்ந்து அழ வேண்டும்.

மகராசனாக இரு.

மதினி
தங்கத்தாய்