அணையாத காந்தம்

அல்சூர்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் தர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. அயர்லாந்துக் குளிரில் நீ தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போவது போட்டோவிலேயே தெரிகிறது. போனில் பேசினால் நீ நடுவில் அழுது என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அப்பா திருந்திவிட்டார், வீட்டில் சேர்த்துக்கொள் என்று கேட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஆறு வருஷம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் போன மனிதர், கடைக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி வாசலில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் தெருவே அவரைச் சுற்றி நின்றது. இத்தனை நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த கீழ்வீட்டு சந்திரம்மாவே காபி கொண்டுவந்து கொடுத்து, பாவம்க்கா, எவ்ளோ எளைச்சுட்டாரு, சேத்துக்கோங்க என்று சிபாரிசு செய்தாள். அவர் என்னைப் பார்த்து, தனக்கோடி, உன் கொழம்பு வாசன பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து இழுத்துச்சு என்றார். சிரித்துவிட்டேன். என் கை தானாக இரண்டாவது தட்டை எடுத்து வைத்தது, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் ரூமில் இருப்பது பெரிய காந்தம். சத்தம் நின்றால் மெஷின் அணைந்துவிட்டது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், காந்தம் அணைவதே இல்லை. அப்படி நினைத்து நர்ஸ் விஜி பாக்கெட்டில் கத்தரிக்கோலோடு உள்ளே போனாள், அது பறந்துபோய் மெஷினில் ஒட்டிக்கொண்டது, நல்லவேளை யாரும் படுத்திருக்கவில்லை. காந்தத்தின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, இரும்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நம் வேலை. உன் அப்பா சிரித்தால் எனக்கு மறுக்க வராது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நீ காய்ச்சலில் கிடந்தபோதும் இன்றைக்கு வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். போன ஞாயிறும் மறுக்க வராமல்தான் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டு முடித்ததும் வாசல்வரை அவர் கூடவே போய், இனிமே வராதீங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நீ அவரோடு பேசு, உனக்கு அவர் அப்பா. என்னிடம் அவருக்காகப் பேசாதே.

இன்னொன்று. ஸ்கேன் ரூமுக்குள் உலோகம் கூடாது என்று தினமும் தாலியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, வேலை முடியும்வரை மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வேன். ஸ்கேனுக்கு வரும் பெண்களும் வெறுங்கழுத்தோடு படுக்கப் பயப்படுவார்கள், அவர்களுக்கும் நான்தான் கட்டிவிடுவேன். அவர் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் என் கயிற்றை அவிழ்த்தேன், லாக்கரிலிருந்து தாலியை எடுக்கவில்லை. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் மனசுபோல எல்லாம் அமையட்டும். தலைக்குத் துணி கட்டிக்கொள். வீடியோவில் என் கழுத்தைப் பார்த்து அழாதே, நான் அழவில்லை.

உன் அம்மா
தனக்கோடி