எதிராக ஒரு வாக்கு

மச்சான்,

உன்னுடைய ஏழாம் இலக்கச் சட்டை என்னிடம்தான் இருக்கிறது. ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறையில், ஆளுக்கொரு கம்பிக்கூண்டு தந்திருக்கிறார்களே, அதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் நீ எப்போதோ வைத்துவிட்டுப் போன உன் விளையாட்டுப் பை கிடந்தது. பையின் சிப்பை இழுத்துத் திறந்ததும் மூக்கில் அடித்தது. பழைய சேறு, பூஞ்சணம், நீ முழங்காலுக்குத் தேய்க்கும் அந்தக் கற்பூரத் தைலம். பேருந்து ஓட்டும்போதும் அதே மணத்தோடுதான் இருப்பாய். முன் இருக்கையில் இருக்கும் நோர்வேக் கிழவிகள் மூக்கைத் திருப்புவார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

நான் தேடிப் போனது சட்டையை அல்ல, உன் படத்தை. படம் வேண்டும் என்று கேட்டிருப்பது யார் தெரியுமா? உன் பழைய சங்கம். உன்னை எழுதி அழித்த அதே சங்கம்.

மின்னஞ்சலை மூன்று தடவை வாசித்தேன். சங்கத்தின் ஆண்டு நிறைவு வருகிறதாம். வெளிநாட்டுப் பின்னணி கொண்ட முதல் வீரர்களில் ஒருவன் நீயாம். உன்னுடைய நல்ல படம் ஒன்றை வாசலில் மாட்டினால் சங்கத்தின் "பன்முகத்தன்மை" எல்லோருக்கும் தெரியுமாம். நகரசபைக்குப் போகும் விண்ணப்பத்திலும் சேர்க்கலாமாம். கடைசியில் ஒரு சிரிப்பு முகம் வேறு போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்டியில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உனக்குப் பிடித்த பைத்தியம் இந்த றக்பி. கலவரத்தோடு திருகோணமலைக்கு ஓடிவந்தபோது வீட்டார் சான்றிதழ்களைத் தூக்க, நீ சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று உன் மனைவி சுகந்தி இன்றைக்கும் சொல்லுவாள். ஒஸ்லோவில் நம்மவர்கள் எல்லோரும் உதைபந்தாட்டம் என்று அலைந்தபோது, நீ நான்கு ஆங்கிலேயரையும் இரண்டு பிரெஞ்சுக்காரரையும் சில நோர்வேப் பெடியன்களையும் தேடிப்பிடித்து அந்தச் சங்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவனாக இருந்தாய். நம்முடைய ஆட்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை. உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டையில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? உதைபந்தாட்டத்து உருண்டைப் பந்து! நான் அச்சடித்தவரோடு சண்டைக்குப் போக, சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

என்னை நீ களத்துக்குள் இழுத்தது சங்கம் தொடங்கி மூன்றாம் வருடம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறொன்றையும் தொட்டறியாதவன் நான்.

"பதினாலு பேர்தான் நிக்கிறம். நீ சும்மா வந்து நிண்டால் காணும்" என்றாய்.

"எனக்கு உந்த விளையாட்டே தெரியாது."

"தெரிஞ்சவன் ஒருத்தனும் இதை விளையாடமாட்டான். வா."

அன்றைக்கு என் இடது காதில் விழுந்த வெட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் உன்னை ஆடக் கண்டதும் அன்றைக்குத்தான். எட்டுப்பேர் எட்டுப்பேராகத் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு நிற்கும் ஏழாம் இலக்கக்காரன் நீ. பந்து வெளியே வந்த கணத்திலேயே பிய்த்துக்கொண்டு ஓடுவாய். எவனாவது விழுந்தால் முதலில் போய்ச் சேர்ந்து அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்குவதுதான் உன் வேலை. அந்த ஆட்களுக்கு நடுவில் நீதான் கட்டை. ஆனால் விழுந்த பந்துக்கு உன்னைவிட வேகமாகக் குனிந்தவனை நான் காணவில்லை.

கோல் கம்பம் நட்டதும் ஞாபகம் இருக்கிறது. சங்கத்தார் எல்லோரும் ஒருநாள் கூடிச் சும்மா வேலைசெய்யும் டுக்னாட் அன்று, நிலம் உறைவதற்கு முதல் முடிக்க வேண்டும் என்று நீ பாறைபோல இறுகிய மண்ணை வெட்டிக் குழி தோண்டினாய். மற்றவர்கள் வாஃபலும் கோப்பியுமாக நின்றார்கள். இன்றைக்கும் அதே கம்பங்கள்தான் நிற்கின்றன. உன் பெயரைச் சுரண்டியவர்களுக்கு நீ நட்ட கம்பத்தைப் பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்கியிருக்க வேண்டியதுதானே?

நீ செய்த குற்றம் என்ன? றக்பியிலேயே பதினைந்துபேர் ஆட்டத்தை விட்டுப் பதின்மூன்றுபேர் ஆட்டத்துக்குப் போனாய். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. அதே முட்டைப்பந்து, அதே இடிபாடு. உள்ளே இருப்பவர்களுக்கோ இது தலைமுறை தலைமுறையாக வந்த பகை. அங்கே போனவனுக்கு இங்கே கதவு அடைப்பு. அந்தப் பகை பிறந்த இங்கிலாந்திலேயே அது ஆறிப்போய்விட்டது. கப்பலேறி ஒஸ்லோவுக்கு வந்துதான் உன் தலையில் விடிந்திருக்கிறது!

அதுவும் நீ ஆசைப்பட்டா போனாய்? முப்பத்தெட்டு வயதில் உன்னை மூன்று மாதம் வெளியே உட்கார வைத்தார்கள். புதிதாக வந்த பயிற்றுநர் உன்னைப் பார்த்து, குட்டையானவன், காலம் கடந்தவன் என்றார். தண்ணீர்ப் போத்தல் தூக்க மட்டும் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேளையில் இரண்டு பேர் பதின்மூன்றுபேர் அணி ஒன்றைத் தொடங்கி, வாவென்று உன்னைக் கூப்பிட்டார்கள். போனாய். கூடவே நான்கு பேர் தாங்களாக வந்தார்கள். நீ கடத்திக்கொண்டு போனாய் என்று கதை கட்டினார்கள். அப்போதிருந்த தலைவர் உடுப்பு மாற்றும் அறையில் எல்லோருக்கும் முன்னால் உன்னைத் துரோகி என்றார்.

நோர்வே மொழியில்தான் சொன்னார். ஆனால் உனக்கும் எனக்கும் அது தமிழில்தான் கேட்டது. வெளியே வந்து நீ சிரித்தாய்.

"எங்கடை ஊரிலை உந்தச் சொல்லைச் சொன்னால், சொல்லப்பட்டவன் விடியக் காணமாட்டான். இவங்கள் பாவம் மச்சான், பெயரைத்தான் சுரண்டுவாங்கள்."

விளையாட்டுக்குச் சொன்னாய். அப்படியே நடந்தது.

இனிச் சொல்லப்போவது, உனக்குச் சொல்லாமல் விட்ட விஷயம்.

அந்த வருட ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். கடைசிக்கு முந்திய வரிசையில் இருந்தேன். வேலை முடிந்து நேரே வந்ததால் கண் சொக்கிக்கொண்டிருந்தது. கூட்டத்து நோர்வே மொழி உனக்குத் தெரியுமே, கடையில் கதைக்கும் மொழி அல்ல, சட்டப் புத்தகத்து மொழி, வேகமாக வேறு ஓடும். முதலில் உடுப்புத் தோய்த்துத் தந்த ஒரு பெண்மணிக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். அடுத்ததாகத் தலைவர் ஒரு தாளை வாசித்தார். உன் பெயர் காதில் விழுந்தது. கௌரவப் பட்டியல் என்ற சொல்லும் விழுந்தது. உடனே எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். உனக்கும் பூச்செண்டு கொடுக்கப்போகிறார்கள், மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் நண்பனுக்கல்லவா! மற்ற எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன், மச்சான். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினேன்.

இந்த நாட்டுச் சங்கங்களில் எவரும் எதிர்க்காத விஷயத்துக்குக் கை உயர்த்திக்கூட எண்ணமாட்டார்கள். தட்டினால் சரி, சட்டமாகிவிட்டது. அத்தனை வருடம் வரி கட்டியும் பிள்ளைகளைப் படிப்பித்தும் வாழ்ந்த எனக்கு அதுவும் தெரியவில்லை, அவர் வாசித்தது உன் பெயரை நீக்கும் தீர்மானம் என்பதும் விளங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனபோது சுவரில் அந்தப் பலகையைப் பார்த்தேன். "முதல் பதினைவர்" என்று சூட்டுக்கோலால் பொறித்த பலகை. அதில் உன் பெயர் இருந்த இடத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தார்கள். மேலே பதினைவர், கீழே பதினான்கு பெயர். இந்த வருடம்வரை அது அப்படியேதான் தொங்குகிறது. பதினான்கு பேரை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தை எப்படி ஆடினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எண்ணத் தெரியாதவர்களா இவர்கள்?

கூட்டக்குறிப்பு உனக்கும் தபாலில் வந்திருந்தது. வந்தவர்கள் பெயர்கள் வரிசையாக. கீழே, கைதட்டி ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று. நீ தொலைபேசி எடுத்தாய்.

"நீயும் தட்டினனியாமே?"

"ஓம்" என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். விளங்காமல் தட்டினேன் என்பதைவிட, விளங்கித் தட்டினேன் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு வெட்கம். எவ்வளவு கேவலமான ரோசம், பார்.

நீ, "சரி. ஞாயிற்றுக்கிழமை எங்கடை முதல் மாட்ச். வா" என்றாய்.

வந்தேன். உனக்குப் பதின்மூன்றாம் இலக்கச் சட்டை. உன் பழைய இடமே அந்த ஆட்டத்தில் இல்லை. குறைத்த இரண்டு பேரும் உன் இடத்து ஆட்கள்தான். அதைவிடக் கொடுமை, அங்கே விழுந்தவனிடம் பந்தைப் பிடுங்கக் கூடாது. அவனை விட்டுவிட வேண்டும். அவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டும்வரை காத்திருக்க வேண்டும். உன் உடம்புக்கு அது எங்கே தெரியும்? எவன் விழுந்தாலும் பாய்ந்தாய். விசில். மறுபடியும் பாய்ந்தாய். மறுபடியும் விசில். முதல் பாதியில் மட்டும் ஐந்து தடவை. உன் அணிக்காரரே தலையில் கைவைத்தார்கள். இடைவேளையில் சேறு வழிய என்னிடம் ஓடிவந்தாய். திட்டப்போகிறாயாக்கும் என்று நினைத்தேன்.

"இஞ்சை விழுந்தவனை எழும்ப விட்டுத்தான் ஆகவேணும், மச்சான். என்ன அருமையான சட்டம்!" என்றாய்.

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தட்டியதைப் பற்றி நீ பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பழைய சங்கத்துக்குச் சந்தா கட்டுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. என்றைக்காவது எழுந்து கேட்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. போன ஒக்டோபரில், ஹவுகெட்டோ தரிப்பிடத்தில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டு, கதவை மூடிவிட்டு, உன் பேருந்தின் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தவன் நிமிரவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு இருந்த நேரம் முடிந்துவிட்டது.

இந்த மார்ச் மாதக் கூட்டத்துக்கு உன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கம்பத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்கிறாயே, அந்தப் படம். புதிய தலைவி சின்னப் பிள்ளை, நல்ல பிள்ளை. உன்னை அவளுக்குத் தெரியாது. உன் படத்தை வாசலில் மாட்டும் முன்மொழிவை வாசித்துவிட்டு, "கைதட்டி ஏற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். தட்டத் தொடங்கினார்கள். பழைய தலைவரும் முன்வரிசையில் இருந்து தட்டினார். அதே கைகள்!

நான் எழுந்து நின்று, "நான் எதிர்க்கிறேன்" என்றேன்.

கைதட்டல் அப்படியே நின்றது. தலைவி குழம்பிப்போனாள். "அவர் உங்கள் நண்பர் அல்லவா?" என்றாள்.

"நண்பன்தான். அதனால்தான் எதிர்க்கிறேன். அவனை நீக்கிய கூட்டக்குறிப்பை முதலில் வாசியுங்கள். அது தவறு என்று எழுதி, அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்யுங்கள். பலகையில் பெயரைப் பொறியுங்கள். அதற்குப் பிறகு படம் தருகிறேன். அன்றைக்கு நானும் தட்டினேன். அதையும் சேர்த்து வாசியுங்கள்" என்றேன். கூட்டத்து மொழியிலேயே, பிழையில்லாமல் சொன்னேன். மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பாடமாக்கியிருந்தேன்.

பழைய தலைவர் இருமினார். முடிந்ததைக் கிண்டுவானேன், முன்னோக்கிப் பார்ப்போம் என்றார் ஒருவர். அவர்கள் முன்னோக்கிப் பார்ப்பதற்கு நீ பின்னால் அழிந்து கிடக்க வேண்டுமாம். தலைவி விதிப்புத்தகத்தைப் புரட்டி, என்னுடைய முன்மொழிவு குறித்த தேதிக்கு முன் எழுத்தில் வரவில்லை, ஆகவே இன்றைக்கு எடுக்க முடியாது என்றாள். தங்களுடையதைக் கை உயர்த்தி நிறைவேற்றினார்கள். நான் படத்தோடு ரயில் ஏறினேன்.

சுகந்திக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு ஏன் தட்டினேன் என்பதையும், முதல் தடவையாக, அவளுக்குச் சொன்னேன்.

"இதை அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றாள். பிறகு, "படத்தைக் குடுத்துக்கிடுத்துப் போடாதேங்கோ" என்றாள்.

நேற்றுக் கூட்டக்குறிப்பு வந்தது. உன்னைக் கௌரவிக்கும் முன்மொழிவு ஏற்கப்பட்டது, எதிராக ஒரு வாக்கு, என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்த நாள் குறிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னை நீக்கியபோது தட்டியவர்களிலும் என் பெயர். உன்னைச் சேர்த்தபோது எதிர்த்தவனும் நான் ஒருவன்தான். எங்கள் இரண்டு பேரையும் தெரியாத எவனாவது பிற்காலத்தில் இரண்டையும் வாசித்தால், உனக்கு ஜென்மப் பகைவன் ஒருவன் அந்தச் சங்கத்தில் இருந்தான் என்றுதான் நினைப்பான்.

நினைக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கான முன்மொழிவை இன்று காலையிலேயே எழுத்தில் அனுப்பிவிட்டேன். குறித்த தேதிக்குப் பதினொரு மாதம் இருக்கிறது. சட்டையைத் தோய்க்கவில்லை, பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். படமும் அதற்குள்தான் இருக்கிறது. வாசலில் அவர்கள் ஆணி அடித்துவிட்டார்களாம். வெறும் ஆணி.