நூல் கடித்த பல்

வெள்ளைக்காரன் கொடி கோட்டையிலிருந்து இறங்கிய வருஷம் அது. அப்போதுதான் டாக்டருக்குப் படிக்கிறவர்களின் காலேஜில் எலும்பு அறையைத் துடைக்கிற வேலைக்கு நீ போனாய்.

நேற்று என் முன்பல் விழுந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அந்த வெட்டு அப்படியே இருந்தது. வலை பின்னும்போது நூலைக் கடித்துக் கடித்து நம் ஆட்களுக்கு விழுகிற வெட்டு. உன் ஞாபகம் வந்துவிட்டது, கூட்டாளி. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

காசிமேட்டு மணலில் நான் வலையோடு இருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"கப்பல்ல ஒரு கொரங்கு மண்ட வந்துகீது நைனா. வாலில்லாத கொரங்கு, ஆள் ஒசரமாம். தாடையப் பாத்தா நம்ம மேஸ்திரி மாதிரியே கீது."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அதன் பக்கத்தில் ஒரு மனித மண்டையை வைத்து வாத்தியார் பாடம் நடத்தினாராம். குரங்குக்குப் புருவ எலும்பு தடித்திருக்கும், தாடை முன்னால் தள்ளியிருக்கும். கோரைப்பல் கத்தி மாதிரி நீளம். வாயை மூடினால் அது உட்கார எதிர் வரிசையில் ஒரு சந்து இருக்கும். மனிதனுக்கு அந்தச் சந்து கிடையாது என்றாராம். ஒரு பையன் மனித மண்டையைக் காட்டி, "இதோ முன்பல்லில் இருக்கே சார்" என்றதும் எல்லோரும் சிரித்தார்களாம். "அது பிறவியில் வந்ததில்லை, எதிலோ தேய்ந்தது" என்றாராம் வாத்தியார்.

எதில் என்று, துணியோடு ஓரமாக நின்ற உனக்குத் தெரியும்.

அதற்குச் சில வருஷம் முன்னால், ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே ஓடியபோது கூட்டத்தில் காணாமல் போனவர் உன் அண்ணன். கேட்பாரில்லாமல் செத்தவர்கள் அந்தக் காலேஜுக்குத்தான் போவார்கள்.

"அண்ணன்தானா?" என்று கேட்டேன்.

"பாதி தெரியுது. நம்ம குப்பத்துல பாதிப் பேருக்கு அந்த வெட்டு கீதே."

"அண்ணிகிட்ட சொல்லப் போறியா?"

"சொன்னா பொட்ட அழிச்சிடும். சொல்லாங்காட்டி வாசலையே பாத்துகினு கெடக்கும்." என் வலை நூலை எடுத்து விரலில் சுற்றினாய். "பாதிய வச்சிகினு எப்டி நைனா பொட்ட அழிக்கச் சொல்றது?"

நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. துறைமுகத்தில் நல்ல கூலிக்கு வேலை வந்தது, நீ போகவில்லை. தலை நரைக்கும் வரை அதே அறைதான். "கொரங்குக்கு ஒரு துணி, அதுக்குத் தனியா ஒரு துணி வச்சிகீறேன்" என்று ஒரு தரம் சொன்னாய். அப்புறம் அதைப் பற்றி நாம் பேசியதேயில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று அண்ணி என்னிடம் கேட்டார்: "அவரு வந்து தம்பி எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

விழுந்த பல்லை எறிய மனம் வரவில்லை. வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் நம்மோடு இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் மிச்சம். இன்று காலையிலும் பார்த்தேன். நெற்றியில் பொட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார், உன் அண்ணி தனபாக்கியம்.